சுண்டுவிரல் அளவு இடைவெளி

ஜொகூரில் ஓடுகிற ஆறுகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயந்தன. அவர் அரசரும் அல்லர், பொறியாளரும் அல்லர். பத்து பாகாட் நகரிலிருந்து ஆற்றுவழியே படகில் அரைநாள் தூரத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேலி நட்டுக்கொண்டும் பலகைத் தளம் போட்டுக்கொண்டும் இருந்த தச்சர். 'பயந்தன' என்று நான் சொல்வதைக் கேட்டிருந்தால் அவரே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். "பயமெல்லாம் இல்லம்மா. நானும் ஆறும் பழகிக்கிட்டோம், அவ்வளவுதான்" என்று திருத்தியிருப்பார்.

அவருக்கென்று ஒரு பெயர் தோட்டத்துப் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும். அதை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே அவர் 'ஆசாரியார்'. தலை மறைந்ததும் 'சுண்டுவிரலு'. அது அவருக்கும் தெரியும். "இருக்கிற பத்துல சின்னதா ஒண்ணைப் பாத்துக் குடுத்திருக்காங்க. பெருசாக் குடுத்திருந்தா தூக்கிச் சுமக்க முடியுமா?" என்பார்.

பெயருக்குக் காரணம் அவருடைய இடக்கைச் சுண்டுவிரல். அவர் போடும் தளத்தில் ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் அந்த விரல் நுழைந்து வெளிவர வேண்டும். இறுக்கமாக இருந்தாலும் பலகையைக் கழற்றுவார். தளர்வாக இருந்தாலும் கழற்றுவார். பலகை வெயிலில் சுருங்கும், ஈரத்தில் ஊதும், ஊதுவதற்கு இடம் வேண்டும். மேலே விழும் நீர் கீழே இறங்க வேண்டும். வெள்ளம் வந்தால் தளத்துக்கு அடியில் இருக்கும் காற்று மேலே வெளியேற வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துத்தான் கடவுள் தமக்கு அந்த விரலைக் கொடுத்திருக்கிறார் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த விரலுக்கு நடந்த உபசாரம் கோயில் சிலைகளுக்குக்கூட நடந்திருக்காது. வாரம் இருமுறை தேங்காயெண்ணெய்; இழைப்புளி பிடிக்கும்போது துணிச்சுற்று; சண்டை வந்தால் இடக்கை முதுகுக்குப் பின்னால். வீங்கிவிட்டால் ஜொகூரில் உள்ள தளங்களின் கதி என்னாவது? விரலுக்கு ஓய்வு தேவைப்படும் நாட்களுக்காக, அதே கனத்தில் செங்கால் என்னும் உறுதியான மரத்தில் இழைத்த ஒரு சிறு துண்டு அவர் காதில் செருகியிருக்கும். அதற்குச் 'சின்னவன்' என்று பெயர்.

தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போதும் அந்த விரல் தனியாக, விறைப்பாக, ஒதுங்கி நிற்கும். பங்களா வேலைக்குப் போன இடத்தில், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாகரிகமாகத் தேநீர் அருந்தும் மனிதரைத் தாம் கப்பலேறிய பிறகு சந்திக்கவே இல்லை என்று வியந்து, மறுநாளிலிருந்து அவருக்குப் பீங்கான் கோப்பையில் கொடுக்கச் சொன்னாராம்.

இரும்பு ஆணியை அவர் கையால் தொடமாட்டார். "இந்த ஊர் ஈரத்துக்கு ஆணி ரெண்டு வருஷம். அப்புறம் துரு மரத்தையும் தின்னுட்டுப் போயிரும்" என்பார். எல்லாவற்றுக்கும் மரமுளைதான். மரத்தூளை நாக்கில் வைத்துச் சுவைத்து, அந்த மரம் மேட்டில் வளர்ந்ததா சதுப்பில் வளர்ந்ததா என்று சொல்வார். ஒருமுறை தோட்டத்துக் கணக்கரான கிராணியார் தம் அலுவலக மேசையின் சீவலை வேறு மரம் என்று ஏமாற்றிக் கொடுத்துப் பார்த்தார். ஆசாரியார் சுவைத்துவிட்டு, "இது மேட்டு மரம்தான். ஆனா ரொம்ப நாளா யாரோ இது மேல தலை வச்சுத் தூங்கியிருக்காங்க" என்றார். அத்துடன் சோதனைகள் நின்றன.

பங்களா வேலியின் கதை நான் அங்கே போவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. என் கணவர் கண்ணால் பார்த்துச் சொன்னது. ஆண்டுதோறும் வெள்ளம் வேலிகளை அடித்துக்கொண்டு போகிறதே என்று துரை புலம்ப, ஆசாரியார் படுக்கத் தெரிந்த வேலி ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு தூணின் அடியிலும் ஓர் அச்சு. அதைப் பிடித்து நிறுத்த ஒரு முளை. முளையை உருவிவிட்டால் வெள்ளம் தள்ளும்போது வேலி முழுவதும் நீரின் போக்கிலேயே படுத்துக்கொள்ளும். நீர் வடிந்ததும் தூக்கி நிறுத்தி முளையை மாட்ட வேண்டியதுதான்.

வேலி முடிந்த சில நாட்களில் பக்கத்துத் தோட்டத்துத் துரை விருந்துக்கு வந்தார். அவரிடம் பெருமையாகப் பேசிக்கொண்டே எங்கள் துரை வேலியின் மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தார். வேலி மிகவும் மரியாதையாக, ஓசையின்றிப் படுத்துக்கொண்டது. துரை ரோஜாச் செடிகளுக்குள் போனார்.

"யாரு முளை எடுத்தது?" என்று செடிகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. எங்கள் துரை தமிழ் பேசுவார். கோபத்தில் இன்னும் வேகமாகப் பேசுவார்.

"நான்தாங்க துரை. காலையில மேகம் கறுத்திருந்துச்சு. வேலியைத் தயாரா இருக்கச் சொன்னேன்."

"மழை எங்கே?"

"வரும் துரை. அதுகிட்ட உங்களாட்டம் கடிகாரம் இல்ல."

மூன்றாம் நாள் மழை வந்தது, வெள்ளமும் வந்தது. வட்டாரத்து வேலிகள் எல்லாம் கடலைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டன. பங்களா வேலி மட்டும் சேற்றுக்குள் படுத்துக் கிடந்து, நீர் வடிந்ததும் எழுந்து நின்றது. முழங்கைக் கீறலுக்கு என் கணவரிடம் மருந்து போட்டுக்கொண்டே துரை சொன்னாராம்: "அவன் பைத்தியம். ஆனா நம்ம பைத்தியம். இருக்கட்டும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்தத் தோட்டத்துக்கு டிரசரின் மனைவியாகப் போய்ச் சேர்ந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவதிலிருந்து பிரசவம் பார்ப்பது வரை தோட்டத்து மருத்துவமனையில் அனைத்தையும் கவனித்தவர் என் கணவர். என்னோடு இரண்டு தகரப் பெட்டிகள் வந்தன. ஒன்றில் புடவைகள், மற்றதில் புத்தகங்கள். இரண்டாவது பெட்டியைப் படகிலிருந்து தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டதால், அது நிறைய நகை என்று முடிவு கட்டித் தோட்டமே எனக்கு ஒரு வாரம் எழுந்து நின்று வணக்கம் சொல்லியது. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்த அஞ்சலை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டாள்.

அஞ்சலை பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள்; முப்பது வயது; லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் சேர்த்து அவள்தான் வாய்.

"அலமாக்! அத்தனையும் காயிதம்! இதெல்லாம் நீங்களே படிச்சுக்குவீங்களாம்மா? யாரும் படிச்சுக் காட்ட வேணாமா?"

"நானே படிச்சுக்குவேன்."

அவள் பெட்டியை மூடினாள். பிறகு மெல்லச் சொன்னாள். ஊரில் இருக்கும் அவள் தங்கை ஆண்டுக்கு இருமுறை கடிதம் எழுதுவிப்பாளாம். அதைக் கிராணியார்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவர் அதை அலுவலக வாசலில் நின்று, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு வந்த எல்லாரும் கேட்கும்படி, இடையிடையே தம் சொந்தச் சரக்கையும் சேர்த்துப் படிப்பார். "எந்தங்கச்சி அழுததுக்கு ஊரே சிரிச்சுச்சும்மா" என்றாள்.

அன்றுதான் அந்த வகுப்பு என் மனத்தில் தொடங்கியது. மாலை வேளையில், வேலை முடிந்த பெண்களுக்கு ஒரு மணி நேரம். மருத்துவமனையை ஒட்டி இடம் இருந்தது. ஆனால் ஆண்டில் நான்கு மாதம் அது சேறு, ஒரு மாதம் ஏரி. நான் துரையிடம் போனேன்.

"எங்கே உட்காரும்? கீழே முழுக்கத் தண்ணி" என்றார்.

"ஒரு பலகைத் தளம் போட்டுக் கொடுத்தால் போதும்."

துரை சுருட்டைக் கையிலெடுத்து யோசித்தார். "பலகை நான் குடுக்கும். ஒரு வெள்ளம் பார்க்கும். தளம் நின்னா ஸ்கூல் நிக்கும். தளம் போனா ஸ்கூல் போச்சு. அப்புறம் கேட்கக்கூடாது. சரிதானே?"

சரி என்றேன். ஆசாரியார் இருக்கும் தோட்டத்தில் வெள்ளத்தைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

அவர் முதல் நாள் முழுவதும் அந்த இடத்தில் குந்தியிருந்து ஒன்றுமே செய்யாமல் பார்த்தார். இரண்டாம் நாள் இன்னொரு மூலையில் குந்தியிருந்து பார்த்தார். மூன்றாம் நாள், "தண்ணி இந்தப் பக்கமா வந்து அந்தப் பக்கமாப் போவுது. நாம அதுக்கு நடுவுல பள்ளிக்கூடம் வைக்கிறோம். முதல்ல அதுகிட்ட சொல்லிக்கணும்" என்று ஆற்றுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கினார். மார்பளவு உயரத்துக்குச் செங்கால் தூண்கள்; அவற்றின் மேல் கட்டம் கட்டமாக அடிச்சட்டங்கள்; அதன் மேல் பலகைகள்; எல்லாவற்றுக்கும் மேல் அத்தாப்பு ஓலைக் கூரை. ஒவ்வொரு இடைவெளியிலும் சுண்டுவிரல் நுழைந்து, மகிழ்ந்து, வெளியே வந்தது.

வகுப்பின் முதல் நாளில் இருபத்திரண்டு பெண்கள் வந்தார்கள். முதல் பத்து நிமிடத்தில் ஏழு சிலேட்டுக் குச்சிகள் இடைவெளி வழியே கீழே போயின. அடுத்த பத்து நிமிடத்தில் பாக்கு, ஊக்கு, ஒரு மெட்டி. யாரோ ஒருத்தி 'அ' எழுதிவிட்டு நிமிர்வதற்குள் குச்சி போய்விடும். 'ஆ'வுக்கு அடுத்தவளிடம் கடன் கேட்க வேண்டும். அவளுடையது ஏற்கெனவே போயிருக்கும். ஆசாரியார் இதை ஒரு குறையாகவே கருதவில்லை. சனிக்கிழமை தோறும் தளத்துக்கு அடியில் தவழ்ந்து போய், கிடைத்ததையெல்லாம் ஒரு பால் டின்னில் பொறுக்கிக்கொண்டு, கீழேயிருந்தே கூவுவார்.

"கொட்டைப் பாக்கு ரெண்டு, ஒண்ணு கடிச்சது! யாருது?"

"கடிக்காதது என்னுது மாமா!"

"ஊக்கு மூணு! மெட்டி ஒண்ணு! மெட்டிக்காரி புருசன் உசுரோட இருக்கானா?"

"இருக்கான், இருக்கான்! குடுங்க!"

அஞ்சலையின் மூக்குத்தி விழுந்த வாரம் மட்டும் அவர் அரைநாள் சேற்றைச் சலித்து, அதைக் கண்டெடுத்து, கழுவித் துடைத்துக் கொடுத்தார். அதற்கு நன்றியாக அவள் அவரோடு சண்டை பிடித்தாள்.

"ஏன் மாமா, பலகையை ஒட்டி ஒட்டி வச்சா உங்களுக்கு என்ன? கீழேருந்து காத்து அடிச்சு சேலை பறக்குது. ஒரு கையில சேலையைப் பிடிக்கிறதா, ஒரு கையில குச்சியைப் பிடிக்கிறதா? ஒரே சூசாவா, தொந்தரவா இருக்கு!"

"வெள்ளம் வரட்டும், அப்பத் தெரியும்."

"வெள்ளம் வந்து அ ஆ படிக்கப் போவுதா?"

இருபத்திரண்டு பேர் பதினைந்தானார்கள், பதினைந்து ஒன்பதானது. நான் கலங்கத் தொடங்கியபோதுதான் சரஸ்வதி பூசை வந்தது.

ஆசாரியார் அப்போது தூண் மரம் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் காட்டுப் பக்கம் போயிருந்தார். பெண்கள் கூடி ஒரு முடிவோடு வந்தார்கள். சரஸ்வதியை ஓட்டைத் தரையில் உட்கார வைப்பது முறையாகாது. சாணம் மெழுகிக் கோலம் போட்டுத்தான் அழைக்க வேண்டும். சாணமும் களிமண்ணும் குழைத்து மெழுகினார்கள். பலகையில் அது பிடிக்கவில்லை; காய்ந்ததும் வெடித்துக் கொட்டியது. அஞ்சலை இடுப்பில் கை வைத்து யோசித்தாள். மறுநாள் நண்பகலில் அவளுடைய வாளியின் அடியில் கொஞ்சம் ரப்பர் பால் மீந்திருந்தது. எப்படியோ எல்லாருடைய வாளிகளிலும் அன்று கொஞ்சம் மீந்திருந்தது.

"பாலைக் கலந்து மெழுகினா மலையே ஒட்டும்" என்றாள்.

ஒட்டியது. சாணமும் களிமண்ணும் ரப்பர் பாலும் சேர்ந்து, இடைவெளிகள் அனைத்தையும் அடைத்துக்கொண்டு, கருங்கல் போல வழவழப்பான ஒரு தரை உருவாயிற்று. அப்படி ஒரு தரை உலகில் வேறெங்கும் இருந்திருக்காது. அதன் மேல் கோலம் போட்டு, என் புத்தகங்களை அடுக்கிப் பூசை செய்தார்கள். அன்று முப்பத்தொரு பெண்கள் வந்தார்கள். ஒரு குச்சிகூடக் கீழே விழவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை, தடுக்க விரும்பவும் இல்லை என்பதே உண்மை.

காட்டிலிருந்து திரும்பிய ஆசாரியார் தளத்தின் மேல் ஏறி நின்றார். குனிந்து சுண்டுவிரலை நீட்டினார். நுழைய இடமில்லை. நான்கு இடங்களில் முயன்றார். நோயாளியின் நாடி கிடைக்காத வைத்தியரைப் போல நிமிர்ந்தார்.

"யாரு செஞ்சது?"

"எல்லாரும் சேர்ந்துதான்."

"நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"இருந்தேன்."

அதன் பிறகு இரண்டு மாதம் அவர் என்னோடு நேரடியாகப் பேசவில்லை. வேலையை விடவும் இல்லை. நாள்தோறும் வருவார், தளத்தின் ஈசான மூலைத் தூணிடம் பேசுவார்.

"ஏ தூணே, டீச்சரம்மாகிட்ட சொல்லு. வடக்கால கூரை ஓலை கிழிஞ்சிருக்கு. நாளைக்கு மாத்திடறேன்."

நான் மூன்று முழ தூரத்தில்தான் நின்றிருப்பேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கும் அது பழகிவிட்டது. "தூணே, ஆசாரியார் சாப்பிட்டாரான்னு கேளு."

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லு. இன்னொண்ணும் கேளு. அடைச்ச பலகைச் சந்தெல்லாம் திறக்கலாமா?"

"மழைக்கு முன்னால கண்டிப்பாத் திறந்துடலாம்னு சொல்லு."

"மழை வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லு."

இந்த உரையாடல் நாள் தவறாமல் நடந்தது. மருத்துவமனையிலேயே அதிகம் உழைப்பது அந்தத் தூண்தான் என்று என் கணவர் சொன்னார். ஆனால் நான் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன். முப்பத்தொரு பேர் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தார்கள். மீண்டும் ஒன்பதாகக் குறைவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஆண்டுக் கடைசியில் மழை மூன்று நாள் நிற்காமல் பெய்தது. நான்காம் நாள் காலை, லயத்தின் வாசற்படிகள் மறைந்தன. பெண்கள் சட்டிகளோடும் கோழிகளோடும் பால் வெட்டும் கத்திகளோடும் வந்து தளத்தின் மேல் ஏறினார்கள். பிள்ளைகளையும் நோயாளிகளையும், மேட்டில் இருந்த மருத்துவமனைக் கட்டடத்துக்குள் என் கணவர் சேர்த்துக்கொண்டார். பழுப்பு நிற நீர் தூண்களில் சாண் சாணாக ஏறி அடிச்சட்டங்களைத் தொட்டது.

அப்போது ஒரு முனகல் கேட்டது. முதலில் யாரோ ஒரு கிழவி என்று நினைத்தேன். தளம்தான் முனகியது. கோலத்தின் நடுவில் இருந்த ஒரு வெண்கலச் செம்பு தானாக நகர்ந்து ஓரத்துக்குப் போயிற்று. ஈசான மூலை சற்று உயர்ந்தது. கோழிகள் எதிர்மூலைக்கு ஓடின. அடிச்சட்டங்களின் கட்டங்களுக்குள் சிக்கிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. நீர் அதைக் கீழிருந்து தள்ளியது. காற்று தளத்தைத் தள்ளியது. என் பள்ளிக்கூடம் மரமுளைகளைப் பிடுங்கிக்கொண்டு கடலுக்குப் புறப்படப் பார்த்தது. நான் காலையூன்றி நின்றேன். துரையின் 'ஸ்கூல் போச்சு' காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

"ஏ தூணே!"

எல்லாரும் திரும்பினோம். மார்பளவு நீரில் ஆசாரியார் நடந்து வந்துகொண்டிருந்தார். வலக்கையால் மிதந்து வந்த மரக்கிளைகளை ஒதுக்கினார். இடக்கை மட்டும் தலைக்கு மேல், ஒரு சொட்டு நீரும் படாமல், சுண்டுவிரல் வானத்தைப் பார்த்தபடி உயர்ந்து நின்றது.

"ஏ தூணே! மேல நிக்கிற பொம்பளைங்ககிட்ட சொல்லு! பால் வெட்டுற கத்தியை எடுக்கச் சொல்லு! பலகைச் சந்தாப் பாத்துக் கீறச் சொல்லு! காத்து வெளிய வரணும்!"

"கேட்டுச்சு மாமா!" என்று அஞ்சலை கத்தினாள். பிறகு தரையைப் பார்த்துத் திகைத்தாள். ஒரே வழவழப்பு. இடைவெளி எங்கே இருக்கிறது?

திகைப்பு ஒரு நொடிதான். "இங்கதான் எம்மூக்குத்தி விழுந்துச்சு!" என்று பாய்ந்து கத்தியை இறக்கினாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இங்க எம்மெட்டி!"

"இங்க எம்பாக்கு! கடிக்காதது!"

"ஏ, தள்ளுடி, அது எஞ்சந்து! ரெண்டு குச்சி போட்டிருக்கேன்!"

தாங்கள் இழந்த பொருள் எதையும் அந்தப் பெண்கள் மறந்திருக்கவில்லை. மரத்தைக் காயப்படுத்தாமல் மேல்பட்டையை மட்டும் கீறுவது அவர்கள் தினந்தோறும் செய்யும் வேலை. முப்பது கத்திகள் கோடு கோடாக ஓடின. முதல் இடைவெளி திறந்ததும் 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. சாணமும் ரப்பரும் கலந்த துணுக்குகள் அஞ்சலையின் முகமெங்கும் தெறித்தன. அடுத்து இன்னொன்று, இன்னொன்று. அந்தத் தளம் இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் எங்கள் முகத்தில் விட்டது. என்னிடம் கத்தி இல்லை. தலையிலிருந்த கொண்டை ஊசியால் நானும் தோண்டினேன். காற்று போன வழியில் நீர் சிறு ஊற்றுகளாகப் பீறிட்டது. பிறகு தளம் 'தொம்' என்று தன் தூண்களின் மேல் உட்கார்ந்தது. செம்பு நின்றது. கணுக்காலளவு நீர் அமைதியாகப் பலகைகளின் மேல் பரவிற்று. நாங்கள் நனைந்து, நாறி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

ஆசாரியார் மேலே ஏறிவந்தார். குனிந்து ஓர் இடைவெளியில் சுண்டுவிரலை விட்டார். நுழைந்து, வெளியே வந்தது. தூணைப் பார்த்தார். பிறகு, இரண்டு மாதத்தில் முதன்முறையாக, என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, பாடம் எது வரைக்கும் வந்திருந்துச்சு?"

திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும். "கடிதம் எழுதுற பாடம் வரைக்கும்" என்றேன்.

அவர் காதிலிருந்து சின்னவனை எடுத்து என்னிடம் நீட்டினார். "பாடம் நின்ன இடத்துல இதை வைங்க. ரெண்டு நாள்ல தண்ணி இறங்கிடும்."

மூன்று நாள் ஆயிற்று. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் தவறியது. துரை படகில் வந்து, கைத்தடியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். "நின்னுச்சு" என்றார். "ஸ்கூல் இருக்கும்." இறங்கப் போனவர் நின்று மூக்கைச் சுளித்தார். "இங்கே என்ன ரப்பர் வாசனை?"

முப்பத்தொரு பெண்களும் கூரையை ஆராய்ந்தார்கள். நானும் அதன் ஓலைகளில் மிகுந்த அக்கறை காட்டினேன்.

"ஏ தூணே," என்றார் ஆசாரியார், "துரைகிட்ட சொல்லு. ரப்பர் தோட்டத்துல ரப்பர் வாசனைதான் வரும்னு."

துரை தூணை ஒரு முறை பார்த்தார், ஆசாரியாரை ஒரு முறை பார்த்தார், படகில் ஏறினார்.

இடைவெளிகள் அதன் பிறகு அடைபடவில்லை. பெண்கள் சிலேட்டுக் குச்சியில் நூல் கட்டி மணிக்கட்டில் முடிந்துகொண்டார்கள். பாக்கை வாயிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் வகுப்பை விட்டு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு அஞ்சலைக்குக் கடிதம் வந்தபோது கிராணியார் வழக்கம்போல் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தளத்தில் வந்து உட்கார்ந்து, உதடு அசைய, நீண்ட நேரம் படித்தாள். பிறகு மடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

"என்னடி எழுதியிருக்கா?" என்றார் கிராணியார், பின்னாலேயே வந்து.

"அது எனக்கு வந்த காயிதம் கிராணியாரே" என்றாள் அஞ்சலை.

தளத்துக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த ஒருவர் அப்போது பெரிதாகச் செருமினார்.

சில ஆண்டுகள் கழித்து என் கணவருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. புறப்படும் நாளில் நான் சின்னவனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அது இல்லாமல் அவர் விரலுக்கு ஓய்வே கிடைத்திருக்காது.

"பாடம் முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப இருக்கட்டும்."

அவர் மறைந்த செய்தியைப் பின்னாளில் எனக்குத் தெரிவித்தது அஞ்சலையின் கையெழுத்து. தளம் இன்னும் நிற்கிறது என்றும், தூணிடம் செய்தியைச் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாள்.

சின்னவன் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. இவ்வளவு கனமான மரத்துண்டை அடையாளமாக வைத்தால் புத்தகத்தின் முதுகு உடைந்துவிடும் என்று என் மகள் கடிந்துகொள்கிறாள். காற்று போக வழி வேண்டும் என்று அவளுக்குப் பதில் சொல்வேன். எந்தப் புத்தகத்தை வைத்தாலும், நான் அதை முழுவதுமாக மூடுவதில்லை. சுண்டுவிரல் அளவுக்கு அவருக்கு இடம் விட்டே மூடுகிறேன்.